கொழுந்துச் சுற்றும் கைபேசிப் பட்டியலும்

ஓர் அலுவலகத்தின் அன்றாடக் காரியங்களை நடத்துவதற்கென்றே உலகத்தில் முதன்முதலாகக் கணினி ஒன்றை அமைத்தவர்கள், தேயிலையும் ரொட்டியும் கேக்கும் விற்று, லண்டன் முதலிய நகரங்களில் நூற்றுக்கு மேற்பட்ட தேநீர்க்கடைகளை நடத்திவந்த ஜே. லயன்ஸ் கம்பெனியார் என்பதை, தேயிலையினாலேயே வாழ்வும் தாழ்வும் கண்ட நம் மலையகத்தார் அறிந்துவைத்திருப்பது நல்லது. 'லியோ' என்று பெயரிடப்பெற்ற அந்த யந்திரம் 1951 நவம்பரில் ரொட்டிச்சாலையின் உற்பத்தி மதிப்பீட்டுக் கணக்கை வாரந்தோறும் போடத் தொடங்கியது. 1954இல் தொழிலாளரின் சம்பளக் கணக்கையும் ஏற்று, தேர்ந்த குமாஸ்தா ஒருவருக்கு ஆளொன்றுக்கு எட்டு நிமிஷம் பிடித்த வேலையை ஒன்றரை விநாடியில் முடித்தது.

அந்த வேகம் வியப்புக்குரியதே. ஆயினும் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது, அதே ஆண்டில் தேநீர்க்கடைகளின் தினசரிக் கொள்முதல் பட்டியலை யந்திரத்தில் ஏற்றியபொழுது அவர்கள் கைக்கொண்ட விதமாகும். அதுகாறும் ஒவ்வொரு கடையின் நிர்வாகியும் மறுநாளைக்கு வேண்டிய பண்டங்கள் அனைத்தையும் நாள்தோறும் புதிதாக எழுதி அனுப்பிவந்தார். டேவிட் காமினர் என்பவரின் தலைமையில் இருந்த முறையாய்வாளர்கள், அந்தப் பழக்கத்தை அப்படியே யந்திரத்துக்குள் திணிக்காமல், வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் நிலையான பட்டியல் ஒன்றை முன்னதாகவே அமைத்து, வழக்கத்தினின்றும் மாறுபடுகிற பண்டங்களை மாத்திரம் நிர்வாகி குறித்த நேரத்தில் தொலைபேசி வழியாகத் திருத்தும்படியும், அத்திருத்தம் உடனே அட்டையில் துளையிட்டுப் பதியப்படும்படியும் செய்தார்கள். வழக்கமானவை எல்லாம் அட்டைகளில் நிலைபெற்றன; மாறுதல் மட்டுமே மனிதரின் கவனத்தைக் கேட்டது. அலுவலக முறைகளை ஆராய்வதற்கென்று 1930களிலேயே தனிப்பிரிவு ஒன்றை அந்தக் கம்பெனியார் வைத்திருந்ததனால்தான், யந்திரம் வந்தபொழுது எதை அதனிடம் ஒப்படைப்பது, எதைத் தம்மிடம் வைத்துக்கொள்வது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது.

ஒரு பெரிய மண்டபத்தை அடைத்துக்கொண்டு நின்ற அந்த யந்திரத்தைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு ஆற்றல் வாய்ந்த கருவியை, ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் பேருந்தில் செல்லும் கல்லூரி மாணவர் இன்று சட்டைப்பையில் வைத்திருக்கிறார். காரியங்களைப் பதிந்து, நாள் குறித்து, நினைவூட்டி, முடிந்ததும் அடித்துவிடுகிற செயலிகள் அதில் பலவுண்டு. அவற்றில் ஏற்றுவதற்கென்று பெயர்பெற்ற நியமங்களும் உண்டு. அவற்றுள் மிகுதியாகப் பேசப்படுவது, 2001இல் அமெரிக்கரான டேவிட் ஆலன் தம் நூலில் வகுத்த முறை: மனத்தில் எழுவனவற்றையெல்லாம் வெளியே எழுதிவிடுதல், ஒவ்வொன்றும் யாது என்று தெளிதல், உரிய இடத்தில் அடுக்குதல், காலந்தோறும் மீள்பார்வை செய்தல், பிறகு கையில் எடுத்துச் செய்தல் என்ற ஐந்து படிகளை உடையது அது.

நியமமும் நல்லது, கருவியும் நல்லது. இருந்தும், இரண்டையும் பொருத்த முயன்றோரில் பலர் ஒரே வழியில் களைத்துப்போகிறார்கள். முதல் வாரத்தில் பட்டியல் அழகாக இருக்கிறது. மூன்றாம் வாரத்தில் தவணை தவறியவை சிவப்பு எழுத்தில் திரைமுழுதும் நிறைகின்றன. பின்னர் அச்செயலியைத் திறப்பதற்கே மனம் கூசுகிறது. சில நாளில் வேறொரு செயலி வருகிறது, அதுவும் அவ்வாறே ஆகிறது. சோம்பல் என்றோ கருவியின் குற்றம் என்றோ இதைத் தள்ளிவிடுவது எளிது. என் அபிப்பிராயத்தில், ஒரு காரியத்தைப் பதிவதற்கு முன் கேட்கவேண்டிய வினா ஒன்று கேட்கப்படாமல் விடப்படுவதே இதன் மூலகாரணம். இந்தக் காரியம் திரும்ப வருவதா, வருமானால் எந்தக் கணக்கில் வருவது என்பதே அவ்வினா. அதற்கு விடைகாணும் கலையை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலைத் தோட்டங்கள் அனுசரித்து வருகின்றன.

தோட்டத்துக்குள் நுழையுமுன், பட்டியல் என்று ஒன்று நமக்கு ஏன் வேண்டும் என்பதைப் பற்றி மனோதத்துவ சாஸ்திரம் கூறுவதைச் சுருக்கமாகக் காண்போம். மனிதன் ஒரே சமயத்தில் மனத்தில் ஏந்தக்கூடிய விஷயங்கள் ஏழு அளவில் நிற்கின்றன என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நெல்சன் கோவன் என்பவர் 2001இல் சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து, அது நான்கை ஒட்டியதே என்றார். முடியாத வேலைகள் முடிந்தவற்றைக் காட்டிலும் நன்றாக ஞாபகத்தில் நிற்கின்றன என்று பெர்லினில் ஆராய்ந்த புளூமா ஸெய்கார்னிக் 1927இல் வெளியிட்டார். அந்த முடிவு பிற்காலச் சோதனைகளில் ஒரேசீராக உறுதிப்படவில்லை. ஆனால், அரைகுறையாய் நிற்கிற நோக்கங்கள் வேறு வேலையின் நடுவே மனத்தில் குறுக்கிடுகின்றன என்பதையும், அவற்றை எப்பொழுது எவ்வாறு செய்வது என்று திட்டவட்டமாகக் குறித்துவிட்டால், செய்து முடிக்காதபோதிலும் அக்குறுக்கீடு தணிகிறது என்பதையும் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011இல் சோதனைகளால் காட்டினார்கள். எழுதிவைப்பதனால் மாத்திரம் மனம் அமைதியடைவதில்லை. எழுதியது உரிய வேளையில் தன் முன் வந்து நிற்கும் என்ற நம்பிக்கையே மனத்தை விடுவிக்கிறது. பட்டியலின் பிரயோஜனம் முழுவதும் அந்த நம்பிக்கையிலேயே தங்கியிருக்கிறது.

இனி, தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாள்முதல், இந்த மலைகளில் எழுந்த பயிர்த்தொழில் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருகிற வேலைகளால் ஆனது. நெல்லை ஒருமுறை அறுத்துக் களத்தில் சேர்த்துவிட்டால் அந்தப் போகத்தின் காரியம் முடிந்தது. தேயிலைக்கு அத்தகைய முடிவு கிடையாது. இன்று கொழுந்து எடுத்த மலைக்கு அடுத்த வாரம் மீண்டும் போகவேண்டும். அதற்கடுத்த வாரமும் போகவேண்டும். செடியைத் தாழ வெட்டிவிடுகிற கவ்வாத்து ஆண்டு வரும்வரையில் அது ஓயாது. முடிவில்லாத வேலையை முறைப்படுத்துவது எவ்வாறு என்பதே தோட்ட நிர்வாகத்தின் தலையாய பிரச்சினையாக இருந்தது.

அதன் விடையை நாள்தோறும் காலையில் பிரட்டுக்களத்தில் காணலாம். விடிந்தும் விடியாததுமாய் மூடுபனிக்கிடையில் தொழிலாளர் அங்கே கூடுகிறார்கள். கணக்கப்பிள்ளை பெயரைப் பதிகிறார். இன்னார் இத்தனையாம் நம்பர் மலைக்குக் கொழுந்துக்கு, இன்னார் கவ்வாத்துக்கு, இன்னார் கான் வெட்ட, இன்னார் உரம் போட என்று ஆள் பிரித்து விடப்படுகிறது. மாலையில் கொழுந்து மடுவத்தில் நிறுத்த எடையும், செய்த வேலையும் செக்றோல் என்னும் வேலைப் பதிவேட்டில் ஏறுகின்றன. எந்த மலையில் எந்தத் தேதியில் கடைசியாகக் கொழுந்து எடுக்கப்பட்டது, எந்த ஆண்டில் கவ்வாத்து வெட்டப்பட்டது, எவ்வளவு உரம் இடப்பட்டது என்பனவெல்லாம் மலைவாரியாகத் தனிப்புத்தகத்தில் எழுதி வைக்கப்படுகின்றன. ஒருவருடைய ஞாபகசக்தியை நம்பி எதுவும் விடப்படுவதில்லை. துரை மாறினாலும் கணக்கப்பிள்ளை மாறினாலும் ஏழாம் நம்பர் மலைக்கு முறை வந்துவிட்டது என்பதைப் புத்தகம் சொல்லிவிடும்.

கொழுந்துச் சுற்று என்ன கணக்கில் நடக்கிறது என்பதைச் சற்று அணுகி நோக்குவோம். தேயிலை வாதின் நுனியைக் கிள்ளியதும், கீழேயுள்ள இலைக்கக்கத்தில் உறங்கியிருந்த அரும்பு விழித்துக்கொள்கிறது. முதலில் செதிலிலையும், அடுத்து விளிம்பில் பற்களில்லாத சிறிய மீனிலையும் தோன்ற, அதன் பின்னரே முறையான இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. ஓர் அரும்பு விழித்து, இரண்டிலையும் மொட்டுமாக எடுப்பதற்குரிய பக்குவம் எய்தப் பல வாரங்கள் ஆகின்றன. அங்ஙனமாயின் வாரந்தோறும் எடுப்பதற்குக் கொழுந்து எங்கிருந்து வருகிறது? ஒரே செடியின் மட்டத்தில் வெவ்வேறு வயதுடைய குருத்துகள் எப்பொழுதும் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் பக்குவப்பட்டவை மட்டும் எடுக்கப்பட்டு, இளையவை அடுத்த சுற்றுக்கு விடப்படுகின்றன. ஆகவே, இரண்டு சுற்றுகளுக்கு இடைப்பட்ட காலம், குருத்தில் அடுத்த இலை ஒன்று விரிவதற்குப் பிடிக்கும் காலத்தை ஒட்டி அமையவேண்டும். அந்த இலை விரியும் வேகத்தை ஆளுவது, பெரும்பாலும் வெப்பநிலை. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே, குளிரில் நிற்கிற நுவரெலியாச் செடி மெதுவாக விரிகிறது. தாழ்நாட்டுச் செடி விரைந்து விரிகிறது. அதனாலேயே உயர்மலையில் ஏழு நாளோ அதற்குச் சற்று மேலோ செல்லும் சுற்று, தாழ்நாட்டில் அதனினும் குறுகிவிடுகிறது. சுற்று பிந்தினால் மூன்றாம் இலையும் விரிந்து முற்றி, தேயிலையின் தரம் கெடுகிறது. முந்தினாலோ பிஞ்சை எடுத்து, எடையையும் வருங்காலக் கொழுந்தையும் இழக்கிறோம். 1925இல் நிறுவப்பெற்று, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவருகிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் விஷயங்களுள் இதுவும் ஒன்று.

இவ்விடத்தில்தான் நம் கைபேசிப் பட்டியலுக்கு வேண்டிய முதல் உண்மை வெளிப்படுகிறது. கொழுந்துச் சுற்று பஞ்சாங்கத்தை அனுசரிப்பதன்று. திங்கட்கிழமைதோறும் ஏழாம் நம்பர் மலை என்று யாரும் விதிப்பதில்லை. கடைசியாக எடுத்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அடைமழையினால் திங்கட்கிழமை வேலை வியாழனுக்குத் தள்ளிப்போயிற்றென்றால், அடுத்த முறையும் அந்த வியாழனிலிருந்தே எண்ணப்படுகிறது. ஏனெனில் செடி அந்த வியாழக்கிழமையன்றுதான் கிள்ளப்பட்டது. சம்பள நாளோ இதற்கு நேர்மாறானது. போன மாதம் சம்பளம் இரண்டு நாள் பிந்திப் போட்டதனால் இந்த மாதமும் இரண்டு நாள் பிந்தலாம் என்று எவரும் ஒப்பமாட்டார். அது தேதிக்குக் கட்டுப்பட்டது. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. உரம் போடுவதற்குத் தேதியும் போதாது, நாளெண்ணிக்கையும் போதாது. மண்ணில் ஈரம் இருக்கவேண்டும், வறட்சியிலும் கொட்டும் மழையிலும் இடலாகாது. கவ்வாத்தும் அப்படியே. தாழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றாண்டுக்கும், உயர்மலையில் நாலைந்தாண்டுக்கும் ஒருமுறை அது வருகிறது என்றாலும், வெட்டுவதற்கு முன் வேரைச் சீவி அயோடின் தடவிப் பார்ப்பார்கள். வேர் கருநீலமானால் மாச்சத்துச் சேமிப்பு உண்டு, செடி மீண்டும் துளிர்க்கும். நிறம் மாறாவிட்டால் காத்திருக்கவேண்டும். ஆக, தேதியினால் வருவன, சுற்றினால் வருவன, பக்குவத்தினால் வருவன என்று காரியங்கள் மூவகைப்படுகின்றன.

இந்த மூவகைப் பாகுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு செயலிகளை நோக்கினால், அவற்றைச் செய்தவர்களும் இதே வேறுபாட்டைச் சந்தித்து விடைதேடியிருப்பது புலனாகும். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலறிஞர் 2003இல் தம் சொந்த உபயோகத்துக்காக உருவாக்கிய 'ஆர்க் மோட்' என்னும் மென்பொருளில், திரும்பவரும் காரியத்துக்கு மூன்று குறிகள் இருக்கின்றன. திங்கட்கிழமைக்குரிய வாராந்தர வேலை ஒன்றை மூன்று வாரம் தவறவிட்டு, ஒரு வியாழக்கிழமையில் செய்து முடித்ததாகக் கொள்வோம். தனிக் கூட்டற்குறி இட்டிருந்தால், குறித்த பழைய தேதியிலிருந்து ஒரே ஒரு வாரம் தள்ளப்படும். தவறிய வாரங்கள் இன்னும் கடனாகவே நிற்கும். இரட்டைக் கூட்டற்குறி இட்டிருந்தால், தவறியவை விடப்பட்டு, வருகிற திங்கட்கிழமை குறிக்கப்படும். புள்ளியும் கூட்டற்குறியும் சேர்ந்திருந்தால், செய்து முடித்த வியாழனிலிருந்து ஏழு நாள் எண்ணி அடுத்த வியாழன் குறிக்கப்படும். முதற்குறி, தவறிய மாதங்களையும் கட்டித் தீர்க்கவேண்டிய தவணைப் பணத்துக்கு ஏற்றது. இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் போன்ற கிழமைக்காரியத்துக்கு ஏற்றது. மூன்றாவதே கொழுந்துச் சுற்று. 2007இல் வெளிவந்து இன்று பலர் கையாளுகிற 'டுடூயிஸ்ட்' செயலியிலும், திரும்பவரும் நாளைக் குறிக்கும் சொல்லோடு ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்த்தால், எண்ணிக்கை முடித்த நாளிலிருந்து தொடங்கும்; சேர்க்காவிட்டால் பஞ்சாங்கத்தின்படியே நடக்கும்.

சிறிய குறிதான். ஆனால் ஒரு மனிதனுடைய பட்டியல் அவனை ஆற்றுவதும் அலைக்கழிப்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கிறது. நம் வீட்டுக் காரியங்களை எண்ணிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுதல், ஊரிலுள்ள அம்மாவோடு நெடுநேரம் பேசுதல், பழைய பாடங்களை மீட்டிப் பார்த்தல், மரக்கறித் தோட்டத்தில் களை பிடுங்குதல் ஆகிய இவையெல்லாம் சுற்றுக்காரியங்கள். இவற்றுக்குத் தேதி விதித்துவிட்டால், காய்ச்சலில் கிடந்த ஒரு வாரத்துக்குப் பின் கைபேசியைத் திறக்கும்பொழுது இருபது கடன்கள் சிவந்து நிற்கும். அவற்றுள் உண்மையான கடன் இரண்டோ மூன்றோதான். மற்றவை தவறான குறியினால் பிறந்த பொய்க்கடன்கள். பொய்யும் மெய்யும் ஒரே நிறத்தில் நிற்கிற பட்டியலை மனம் நம்ப மறுக்கிறது. நம்பிக்கை போனபின் பட்டியல் இருந்தும் இல்லாததற்குச் சமானமே.

பக்குவக்காரியங்களுக்குச் செயலிகள் அத்தனை துணைசெய்வதில்லை. மண்ணின் ஈரம் கைபேசிக்குத் தெரியாது. இதற்கு ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் பீட்டர் கோல்விட்ஸர் 1999இல் தொகுத்துரைத்த ஆராய்ச்சி வழிகாட்டுகிறது. 'இதைச் செய்வேன்' என்று வாளா சங்கற்பித்துக்கொள்வதைக் காட்டிலும், 'இன்ன நிலைமை வந்தால் இதைச் செய்வேன்' என்று நிலைமையையும் செயலையும் முன்கூட்டியே பிணைத்து வைப்பவர்கள் மிகுதியாக நிறைவேற்றுகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. ஆதலால் 'கூரைத் தகரம் மாற்றுதல்' என்று எழுதி ஒரு பொய்த்தேதியை ஒட்டுவதற்குப் பதிலாக, 'மழை மூன்று நாள் விட்டால் கூரைத் தகரம் மாற்றுதல்' என்று நிலைமையைத் தலைப்பிலேயே எழுதி, தேதியில்லாத தனித்தொகுதி ஒன்றில் வைத்து, வாரந்தோறும் அத்தொகுதியை ஒருமுறை கண்ணோட்டம் விடுவதே பொருத்தம். இடத்தைப் பற்றிய குறிப்பையும் இவ்வாறே அமைக்கலாம். தோட்டத்தில், மேமலையில் வேலைசெய்கிற ஆளிடம் கீழ்மலையின் வேலையை அதே நேரத்தில் கொடுப்பதில்லை. ஹட்டன் நகரத்துக்குப் போகும்பொழுது மட்டும் செய்யக்கூடியவற்றுக்கு 'ஹட்டன்' என்று ஓர் அடையாளமிட்டால், பேருந்தைவிட்டு இறங்கியதும் அவை மாத்திரம் கண்முன் வரும்.

இனி அளவைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் எத்தனை ஆள் இருந்தாலும், ஒரு நாளில் எடுக்கும் கொழுந்துக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பை விதிப்பவற்றுள் ஒன்று, தேயிலைத் தொழிற்சாலையாகிய ஸ்டோரின் வாட்டுமாடி. பச்சைக்கொழுந்து அங்கே தொட்டிகளில் பரப்பப்பட்டு, 12 முதல் 18 மணி நேரம் வரையில் வாடவேண்டும். பரப்புவதற்கு இடமில்லாமல் குவிந்த கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும். ஆதலால் தொட்டியின் இடத்தையும் கருதியே மறுநாள் எத்தனை மலைக்கு ஆள் விடுவதென்று தீர்மானிக்கிறார்கள். ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிய கணித விதி இதற்குப் பொதுவடிவம் தருகிறது. ஓர் அமைப்புக்குள் சராசரியாகத் தங்கியிருக்கும் பொருள்களின் எண்ணிக்கை, அவை வந்துசேரும் வீதத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் காலத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம் என்பதே அவ்விதி. நாளொன்றுக்கு ஐந்து புதிய காரியங்களைப் பட்டியலில் சேர்க்கிற ஒருவர், ஒவ்வொன்றையும் சராசரி இருபது நாளில் முடிப்பாரானால், அவர் பட்டியலில் எந்நாளும் நூறு காரியங்கள் இருந்துகொண்டிருக்கும். எழுதும் அழகாலும் நிறத்தாலும் அந்த நூறு குறையாது. வரவைக் குறைக்கவேண்டும், அல்லது தங்கும் காலத்தைக் குறைக்கவேண்டும். மூன்றாவது மார்க்கம் கிடையாது. வரவு செலவை மிஞ்சுகிறவரையில் பட்டியல் எல்லையின்றி வளரும். செயலியோ எத்தனை ஆயிரம் வரிகளையும் சலிப்பின்றி ஏற்றுக்கொள்கிறது. அதற்கு வாட்டுமாடி இல்லை. அந்த வரம்பை நாமே விதித்துக்கொள்ளவேண்டும். 'இன்று' என்ற பக்கத்தில் ஏழு வரிக்கு மேல் ஏறாது என்று விரதம் பூணுபவர், ஏழு காரியங்களை முடிக்கக்கூடும். எழுபதை ஏற்றியவர் எங்கே தொடங்குவதென்று அறியாமல் திகைப்பார்.

இவ்வளவையும் ஒழுங்காக அமைத்துவிட்டாலும், அதற்கு உயிர்கொடுப்பது பிரட்டே. நேற்று எது முடிந்தது, எது மழையில் நின்றது, யார் வரவில்லை, எந்த மலை முற்றுகிறது என்று அன்றன்றைக்குப் பார்த்து ஆளைப் பிரிப்பதனால்தான் புத்தகத்திலுள்ள திட்டம் தரையிலுள்ள நிலைமையோடு ஒட்டி நடக்கிறது. ஆலன் தம் முறையில் வாரந்தோறும் மீள்பார்வை வேண்டும் என்று வற்புறுத்துவதும் இந்த அவசியத்தினாலேயே. தானாக நினைவூட்டுகிற கருவி கையில் இருக்கும்பொழுது தினமும் உட்கார்ந்து பார்ப்பானேன் என்று சிலர் நினைக்கிறார்கள். நினைவூட்டும் மணி, நேற்றைய நாம் விதித்ததை இன்று உரைக்கிறது. இன்றைய உடல்நிலை, இன்றைய மழை, இன்றைக்கு வந்த விருந்தாளி ஆகிய எதுவும் அதற்குத் தெரியாது. காலையில் பத்து நிமிஷம் பட்டியலை முழுவதும் பார்த்து, இன்றைக்குரியதை மனிதனாகிய நாமே தெரிந்தெடுக்கும் பழக்கம் இல்லாதவரையில், எந்த மென்பொருளும் எவருக்கும் நெடுநாள் உதவியதில்லை.

தோட்டத்தின் முறையை இவ்வளவு பாராட்டிய பின், அதன் மறுபக்கத்தையும் நெஞ்சறியச் சொல்லியாகவேண்டும். செக்றோல் வேலையை முறைப்படுத்தியது மட்டுமன்று, வேலைசெய்தவரையும் அளந்தது. நாளுக்கு நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைநாள் வேலையாகக் கணக்கிட்டு அரைப்பேர் என்று எழுதிய அதே பேனா, செங்குத்தான மலையில் அட்டைக்கடியிலும் மழையிலும் நின்ற காலை நேரத்தை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. கொழுந்துக்குப் போகுமுன் லயத்து அறையில் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, மாலையில் திரும்பியதும் விறகும் தண்ணீரும் சுமந்த பெண்ணின் பாதிநாள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. பிறருடைய லாபத்துக்காக மனிதரை எண்ணிய முறை அது. சொந்த வாழ்க்கைக்கு ஒரு முறையை அமைத்துக்கொள்பவர் அதிலிருந்து காரியங்களை அடுக்கும் அறிவை எடுத்துக்கொள்ளவேண்டும். தம்மைத்தாமே அரைப்பேராக மதிப்பிடும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாகாது. இன்றைய செயலிகள் பலவற்றில், முடித்த வேலைக்கு மதிப்பெண்ணும், இடைவிடாது செய்த நாளெண்ணிக்கையும், தவறினால் அவை அழிந்துபோகும் தண்டனையும் உண்டு. அந்த வசதிகளை அணைத்துவிடுமாறு நான் தயங்காமல் சொல்வேன். மேலும், வீட்டில் எழுதப்படாமல் நடக்கும் வேலைகளை முதன்முறையாக எழுதிப் பார்ப்பது, யார் எவ்வளவு சுமக்கிறார் என்பதைக் குடும்பத்தார் அனைவரும் பிரத்தியட்சமாகக் காண்பதற்கும் உதவும்.

ஓர் உதாரணத்தால் இவற்றைத் தொகுத்துக் காட்டலாம். தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளின் விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாள் அவருக்குத் தேதிக்காரியம். அதற்குத் தவணையும், ஒரு வாரம் முந்திய நினைவூட்டலும் வேண்டும். பயிற்சிப் புத்தகங்களைத் திருத்துதல், பின்தங்கிய பிள்ளையின் லயத்துக்குச் சென்று பெற்றோரைக் காணுதல் ஆகியவை சுற்றுக்காரியங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் தனிவரி அமைத்து, பார்த்த நாளிலிருந்து முப்பது நாள் என்று குறித்தால், மறக்கப்பட்ட பிள்ளை தானாகவே மேலே வந்து நிற்கும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் கிடைத்தால் செய்யவேண்டியவை பக்குவக்காரியங்கள். அவை தேதியின்றித் தனித்தொகுதியில் இருக்கும். வழக்கமான வகுப்பு நேரங்களைப் பட்டியலில் ஏற்றவே வேண்டியதில்லை; அவை நேரசூசியில் நிலைபெற்றவை, லயன்ஸ் கம்பெனியார் கடைப்பட்டியலில் செய்ததைப்போல மாறுதல்களை மாத்திரம் எழுதினால் போதும். காலையில் பாடசாலை மணி அடிப்பதற்குமுன் பத்து நிமிஷம் பிரட்டு. வெள்ளிக்கிழமை மாலையில் அரைமணி நேரம் மீள்பார்வை. இதற்கு இலவசமான எளிய செயலியே போதும். சுற்றுக்குறி இருக்கிறதா என்பதை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆகவே, புதிய செயலி ஒன்றைத் தேடிப்போகுமுன் வாசகர்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்வார்களாக. தம் காரியங்களைத் தேதி, சுற்று, பக்குவம் என்று மூன்று பத்திகளில் எழுதி, ஒரு மாதம் அந்தத் தாளைக் கொண்டே காலைதோறும் பிரட்டு நடத்திப் பார்க்கட்டும். தாளில் ஒரு மாதம் நின்ற முறை கைபேசியிலும் நிற்கும். தாளில் நிற்காத முறையை எந்த மென்பொருளாலும் நிறுத்திவைக்க முடியாது.